பிக்சலில் பிரியும் நூல்

கைத்தறி வேட்டியின் கரையை நகத்தால் எவ்வளவு நிமிண்டினாலும் நூல் கையோடு வராது. அதே வேட்டியைக் குறுக்கே கிழித்துப் பாருங்கள், கிழித்த இடத்தில் உடனே பிசிறு நிற்கும். காரணம் தறியில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களுக்குக் குறுக்கே நாடா ஊடை நூலைக் கொண்டு போகிறது. கரையைத் தொட்டதும் அந்த நூல் திரும்பி மறுபக்கம் வருகிறது. கரையில் அதற்கு நுனி கிடையாது, நுனி இல்லாத நூல் பிரியாது. கிழித்த ஓரத்தில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு பாவு நூலும் அறுந்து நிற்கிறது. கடைசி ஊடை நூலைப் பிடித்து வைக்க அதற்கு அப்பால் எதுவும் இல்லை. அது நழுவி விழுந்ததும் பாவு நூல்கள் குஞ்சமாகத் தொங்கத் தொடங்குகின்றன.

படத்தின் ஓரத்தைத் துணியோரம் போலக் காட்டும் வேலை கணினி வரைகலையில் ஒரு சின்ன சங்கதிதான். ஆனாலும் கண்ணில் படாத நாளில்லை. கல்யாண ஆல்பத்தில் மணமக்கள் படம் பட்டுத் துண்டு போலப் பிரிந்து நிற்கும். கைத்தறிக் கடை விளம்பரத்தில் எழுத்துக்குப் பின்னால் ஒரு கோணித் துண்டு கிடக்கும். அழைப்பிதழ், புத்தக அட்டை, நாட்காட்டி என்று எங்கும் உண்டு. இதைச் செய்வதற்குக் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பல வழிகள் வந்துவிட்டன. அவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு கூட்டமாகப் பிரிவது தெரியும். ஒன்று எல்லைக்கோட்டில் தொடங்குகிறது, மற்றது நூலில் தொடங்குகிறது. எல்லைக்கோட்டைக் கடித்துக் குதறினால் துணியாகிவிடும் என்று நம்புவது முதல் கூட்டம். புழக்கத்தில் இருப்பதில் பெரும்பகுதி அதுதான், ஏமாற்றம் தருவதும் அதுதான் என்பது என் எண்ணம். நெசவு முடிந்துபோன இடத்தில் அதன் உள்ளமைப்பு வெளியே எட்டிப் பார்ப்பதைத்தான் பிசிறு என்கிறோம். உள்ளே நெசவு இல்லாமல் வெளியே பிசிறு மட்டும் எப்படி வரும்?

கணினிக்கு முன்பும் படத்துக்கு ஓரம் செய்தார்கள். வீட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பலவற்றில் ஓரம் அலையலையாக வெட்டியிருக்கும். கையால் செய்த காகிதத்தின் ஒழுங்கற்ற ஓரத்தை நினைவூட்டும் வெட்டு அது. இருட்டறையில் நெகட்டிவைப் பிடிக்கும் சட்டத்தின் உள்விளிம்பை அரத்தால் ராவி, படத்தைச் சுற்றி ஒரு முரட்டுக் கறுப்புக் கோடு விழச் செய்தவர்களும் உண்டு. இவை எதிலும் துணி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படத்தின் ஓரம் என்றாலே காகிதம், ஃபிலிம் என்ற இரண்டும்தான் புகைப்படக்காரர் மனத்தில் இருந்தன. அந்தப் பழக்கம் மென்பொருளுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

மென்பொருளில் ஓரம் என்பது உண்மையில் ஒளிபுகும் அளவைச் சொல்லும் ஒரு எண். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறத்தோடு இந்த எண்ணையும் சேர்த்து வைத்தார்கள். அதுதான் ஆல்ஃபா. அந்த எண்ணை வைத்து இரண்டு படங்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ப்பதற்கான கணக்கை 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள். 1990இல் நோல் சகோதரர்களின் போட்டோஷாப் கடைக்கு வந்தது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், படங்களை அடுக்கடுக்காக வைக்கும் லேயர் சேர்ந்தது. இன்று ஆல்பம் வடிவமைப்பவர் மாஸ்க் என்று சொல்வதும் அதே எண்தான். வெள்ளை தீட்டினால் படம் தெரியும், கறுப்பு தீட்டினால் மறையும், இடையில் உள்ள சாம்பல் பாதி தெரியவைக்கும். ஆக, துணியோரம் செய்வது என்றால் அந்த மாஸ்க்கில் எதை வரைவது என்பதே மொத்தக் கேள்வி.

முதலில் கிடைத்த பதில், கையில் இருந்த ஃபில்டர்களை மாஸ்க் மீது ஓட்டுவது. படத்துக்குச் சற்று உள்ளே ஒரு செவ்வகத்தைத் தேர்வு செய்து, கியூ விசையைத் தட்டிக் குவிக் மாஸ்க் முறைக்குப் போய், ஸ்பாட்டர் அல்லது டார்ன் எட்ஜஸ் ஃபில்டரை ஓட்டி, மறுபடி கியூவைத் தட்டி வெளியே வந்து, வெளிப்பகுதியை அழித்துவிடுவது. மூன்று நிமிட வேலை. போட்டோஷாப் கற்ற ஒரு தலைமுறையே இதை மனப்பாடமாக வைத்திருக்கிறது. கூடவே ஆட்டோ எஃப்எக்ஸ், எக்ஸ்டென்சிஸ் போன்ற நிறுவனங்கள் ஆயத்த ஓரங்களைத் தொகுத்து விற்றன. கிம்ப் மென்பொருளில் ஃபஸி பார்டர் என்ற கட்டளை இதே வேலையை ஒரே சொடுக்கில் செய்கிறது.

இதில் கிடைப்பது கிழிந்த காகிதம். அப்படிச் சொல்வது இந்த முறையைப் பழிப்பதற்காக அல்ல, காகிதம் வேண்டும் என்றால் இதைவிட எளிய வழி இல்லை. காகிதத்தில் நார்கள் பின்னிக் குழம்பிக் கிடக்கின்றன. எங்கே கிழித்தாலும் ஓரம் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். ஸ்பாட்டரும் அப்படித்தான், திசை பார்க்காமல் பிக்சல்களைச் சிதறடிக்கிறது. துணிக்கு இரண்டே திசைதான். அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. இந்த ஓர் உண்மையை விட்டுவிட்ட எந்த ஃபில்டரும் துணி தராது.

கென் பெர்லினின் இரைச்சல் கணக்கும், அதாவது ஒழுங்கற்ற ஏற்ற இறக்கங்களை எண்களாகத் தரும் கணக்கும், இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது. 'டிரான்' திரைப்பட வேலையில் கணினிப் பரப்புகள் மொழுமொழுவென்று இருந்தது பிடிக்காமல் அவர் உருவாக்கிய அந்தக் கணக்கு 1985இல் கட்டுரையாக வெளிவந்தது, 1997இல் ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் பெற்றது. மேகம், பளிங்கு, புகை, கடலலை எல்லாம் அதிலிருந்து வருகின்றன. இணையப் பக்கங்களுக்கான எஸ்விஜி வடிவத்திலும் அது உண்டு. எஃப்இ டர்புலன்ஸ் என்ற கட்டளையால் இரைச்சலை உண்டாக்கி, எஃப்இ டிஸ்பிளேஸ்மென்ட் மேப் என்ற கட்டளையால் படத்தின் ஓரத்தை அதன்படி நெளிய வைக்கலாம். போட்டோஷாப்பின் டிஸ்பிளேஸ் ஃபில்டரும் இதே தத்துவம்தான். ஒரு தனிப் படத்தை அது வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளும். அதன் முதல் சேனல் கிடைமட்ட நகர்வையும் இரண்டாவது செங்குத்து நகர்வையும் சொல்லும். 128 என்ற நடுச்சாம்பல் இருக்கும் இடத்தில் எதுவும் நகராது. இவற்றால் ஓரம் இயற்கையாக நெளியும், துணி கசங்கிக் கிடப்பது போலத் தெரியும். நூல் மட்டும் பிரியாது. கசங்கல் வேறு, பிசிறு வேறு.

இனி இரண்டாம் கூட்டத்துக்கு வருவோம்.

போட்டோஷாப்பின் டெக்ஸ்சரைசர் ஃபில்டரில் செங்கல், மணற்கல் ஆகியவற்றோடு சாக்குத்துணி, கேன்வாஸ் என்று இரண்டு துணிகளும் இருக்கின்றன. ஒளி எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும், மேடு பள்ளம் எவ்வளவு என்பதையும் சொல்லலாம். ஆனால் அது ஒரே சிறிய மாதிரியைத் திரும்பத் திரும்ப ஒட்டும் வேலை. பெரிய படத்தில் ஒட்டுப்போட்ட தாளம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கிம்ப்பில் இருக்கும் குளோத்திஃபை எனக்குப் பிடித்த கருவி, அது உள்ளே என்ன செய்கிறது என்பதற்காகவே. வெற்று லேயரில் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவும். அதை நகலெடுத்து ஒன்றைக் கிடைமட்டமாக மட்டும், மற்றதைச் செங்குத்தாக மட்டும் இழுத்து மங்கலாக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கோடாக நீளும். பிறகு இரண்டையும் பெருக்கல் முறையில் சேர்த்து, அந்த மேடுபள்ளத்தைப் படத்தின் மேல் புடைப்பாக ஏற்றும். பாவும் ஊடையும்! இதை எழுதியவர் தறியைப் பார்த்திருக்கிறாரோ இல்லையோ, அவர் கணக்கு பார்த்திருக்கிறது. மேலும் கீழும் மாறி மாறிப் போகும் பின்னல் இதில் இல்லை, இரண்டு திசைக் கோடுகள் மட்டுமே இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் திசை சரியாக இருப்பதால் கண் ஏற்றுக்கொள்கிறது.

குளோத்திஃபையின் குறை, அது படத்தின் உள்ளே மட்டும் வேலை செய்வது. உள்ளே முரட்டுத் துணி, ஓரத்தில் பிளேடால் அறுத்த வெட்டு. அந்தக் கோட்டு லேயர்களைத் தனியாகச் செய்து வைத்துக்கொண்டு, மேல் கீழ் ஓரங்களின் மாஸ்க்குக்குச் செங்குத்துக் கோடுகளையும், பக்க ஓரங்களின் மாஸ்க்குக்குக் கிடைமட்டக் கோடுகளையும் பயன்படுத்தினால் உள்ளும் புறமும் ஒரே துணியாகும். இந்த ஒரு படியைத்தான் பெரும்பாலான செய்முறைகள் விட்டுவிடுகின்றன.

அளவு பற்றி இங்கே ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். அச்சுக்கு வழக்கமான 300 பிக்சல் ஓர் அங்குலத்துக்கு என்று கொள்வோம். அங்குலத்துக்கு 60 நூல் உள்ள பருத்தித் துணி என்றால் ஒரு நூலுக்குக் கிடைப்பது 5 பிக்சல். அங்குலத்துக்கு 10 நூல் உள்ள கோணி என்றால் 30 பிக்சல். ஆகவே கோணியின் நூலில் திரி, முறுக்கு, நிழல் எல்லாம் காட்டலாம். பருத்தி நூலில் ஒரு வெளிச்சம், ஒரு நிழல், அவ்வளவுதான் இடம். 12க்கு 36 அங்குல ஆல்பம் விரிப்பு 300 பிக்சல் அடர்த்தியில் 10,800 பிக்சல் அகலம். அதையே கைபேசியில் அனுப்ப 1,080 பிக்சலுக்குச் சுருக்கினால் 5 பிக்சல் நூல் அரை பிக்சலாகிவிடும். ஒரு நூலும் அதன் அடுத்த இடைவெளியும் சேர்ந்து 2 பிக்சலுக்குக் குறைந்தால் நெசவு காணாமல் போய், அதற்குப் பதிலாக அகலமான அலைகள் படத்தில் மிதக்கும். அந்த அலைக்கு வரைகலைக்காரர்கள் சொல்லும் பெயர் மொய்ரே. நீர்வரி ஓடுவது போல் பளபளக்கும் ஒருவகைப் பட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொன்ன பெயர் அது. துணியிலிருந்து போன சொல் துணியைக் கெடுக்கும் நோய்க்குப் பெயராகித் திரும்பி வந்திருக்கிறது. ஆகவே எந்த அளவில் பார்க்கப்படும் என்று தெரிந்த பிறகே நூலின் பருமனை முடிவு செய்ய வேண்டும். கைபேசிக்கு என்றால் உண்மைத் துணியை மறந்துவிட்டு நூலைத் தடிமனாக்குவதே சரி.

தொங்கும் நூலுக்கு வருவோம். போட்டோஷாப்பில் விண்ட் என்றொரு ஃபில்டர் உண்டு. காற்றில் பறப்பது போலப் படத்தை இழுத்து மெல்லிய கிடைமட்டக் கோடுகள் போடும். பறக்கும் ரயில், வேகமாக ஓடும் கார் என்று அதை வைத்து வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவருக்கு அது குஞ்சமாகத் தெரிந்திருக்கிறது. கம்பளத்தின் ஓரத்துக்கு இன்றும் அதுவே எளிய வழி. இடம் வலம் தவிர வேறு திசை அதற்குத் தெரியாது. மேல் கீழ் ஓரத்துக்குப் படத்தை 90 பாகை திருப்பி ஓட்டிவிட்டு மறுபடி திருப்ப வேண்டும். கோடுகள் விறைப்பாக, ஊசி போல நிற்பதுதான் அதன் குறை.

2002இல் வந்த போட்டோஷாப் 7 பிரஷ் கருவியை அடியோடு மாற்றியது. ஒரு நூலின் வடிவத்தைப் பிரஷ்ஷாக வரைந்துவைத்து, அதன் அளவும் கோணமும் இடைவெளியும் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் மாறும்படி சொல்லலாம். கோணத்தை இழுக்கும் திசையோடு பிணைத்தால், படத்தின் ஓரப் பாதையைச் சுற்றி ஒரே இழுப்பில் நூல் முளைத்துவிடும். இன்று விற்கப்படும் பிசிறு பிரஷ்களில் ஏராளம் இந்த வகை. நூல்கள் வளைந்தும் நெளிந்தும் அழகாகவே இருக்கும். மூலையில்தான் மாட்டிக்கொள்ளும். பாதை மூலையில் திரும்பும்போது பிரஷ்ஷும் திரும்பி, நூல்கள் விசிறி போலச் சாய்வாக விரியும்.

உண்மைத் துணியின் மூலையில் என்ன இருக்கிறது? ஒரு சதுரக் கைக்குட்டையின் நான்கு பக்கமும் நூலை உருவிக் குஞ்சம் விட்டுப் பாருங்கள். மேல்பக்கத்தில் ஊடை நூல்களை உருவினோம், பாவு தொங்குகிறது. பக்கவாட்டில் பாவு நூல்களை உருவினோம், ஊடை தொங்குகிறது. மூலையில் இருந்த சின்னச் சதுரத்தில் பாவும் போயிற்று, ஊடையும் போயிற்று. அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் காலியிடம். சாய்ந்த நூல் என்பதற்கே நெசவில் இடமில்லை. நான் ஒரு போலித் துணியோரத்தைப் பார்த்தால் முதலில் மூலையைத்தான் பார்ப்பேன். பத்துக்கு ஒன்பது அங்கேயே பிடிபட்டுவிடும்.

பிடிபடும் இடங்கள் இன்னும் சில. துணியிலிருந்து உருவிய நூல் நேராக இருக்காது. பல மாதம் மேலும் கீழும் ஏறி இறங்கிக் கிடந்த நூல் அந்த நெளிவை மறக்காது. சாதா நெசவில் நெளிவின் ஒரு முழு அலை, குறுக்கு நூல்களின் இடைவெளியைப் போல இரண்டு மடங்காக இருக்கும். போட்டோஷாப்பின் வேவ் ஃபில்டரில் அலைநீளத்தை அந்த அளவுக்கு வைத்தால் விண்ட் தந்த ஊசிகள் நூலாக மாறும். நிறமும் அப்படியே. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த துணியில் மேல் ஓரக் குஞ்சம் ஒரு நிறமாகவும் பக்க ஓரக் குஞ்சம் இன்னொரு நிறமாகவும்தான் இருக்க முடியும். ஜீன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதில் பாவு நீலம், ஊடை வெள்ளை. முழங்காலில் கிழிந்த இடத்தில் குறுக்கே ஓடும் வெள்ளை நூல்கள் ஊடை. கால் நுனியை வெட்டிவிட்டால் கீழே தொங்குவது நீலப் பாவு. டெனிம் ஓரம் செய்பவர்கள் நான்கு பக்கமும் வெள்ளை நூல் விடுவதைப் பார்க்கும்போது, அவர்கள் போட்டிருக்கும் கால்சட்டையையாவது குனிந்து பார்த்திருக்கலாமே என்று தோன்றும். மேலே அச்சிட்ட துணியாக இருந்தால் இன்னொரு நுட்பம் உண்டு. நூல் மேலே வந்த இடத்தில் மட்டும் மை பட்டிருக்கும், கீழே ஒளிந்த இடம் வெளுப்பாக இருக்கும். உருவிய நூலில் நிறம் விட்டுவிட்டுத் தெரியும்.

இதையெல்லாம் ஒரேயடியாகச் சரிசெய்யும் வழி, நெசவையே பிக்சலில் கட்டுவது. இது கேட்பதற்குப் பெரிய வேலையாகத் தோன்றும், உண்மையில் சின்னக் கட்டம்தான். ஒவ்வொரு சந்திப்பிலும் பாவு மேலே, அல்லது ஊடை மேலே. இரண்டில் ஒன்று. ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுபவர்கள் கட்டத்தாளில் இதைத்தான் நிரப்புகிறார்கள். சாதா நெசவுக்கு 2க்கு 2 கட்டம் போதும், சதுரங்கப் பலகை போல. ஜீன்ஸின் சாய்வரி நெசவுக்கு 4க்கு 4 போதும். அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு நூலுக்கும் நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் நிழலும் கொடுத்து, பேட்டர்னாகச் சேமித்துப் படம் முழுக்க நிரப்பலாம். பிறகு ஓரத்தில் ஒரு திசை நூல்களை மட்டும் அழித்தால் பிசிறு தானாகவே வரும். தனியாக வரைய வேண்டியதில்லை. நூல்களைக் கொஞ்சம் கலைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இயந்திர ஒழுங்கு கண்ணை உறுத்தும்.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு ஒரு குறுக்குவழியைச் சொன்னால் கோபம் வரலாம். வெள்ளைத் துணி ஒன்றின் ஓரத்தை விரலால் பிரித்து, ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து, பின்னால் கறுப்புத் தாளைப் போட்டு, 600 பிக்சல் அடர்த்தியில் ஸ்கேன் செய்தால் நூல் வெள்ளையாகவும் வெளி கறுப்பாகவும் வரும். லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் சற்று இறுக்கினால் அதுவே மாஸ்க். திசை, நெளிவு, காலி மூலை எல்லாம் கேட்காமலே கிடைக்கும். அதே ஸ்கேனைப் பெருக்கல் முறையில் படத்தின் மேல் வைத்தால் உள்நெசவும் சேர்ந்துவிடும். என்னைக் கேட்டால் எல்லா முறைகளிலும் இதுவே மேல். நான்கு பக்கங்களையும் தனித்தனியாக ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றைத் திருப்பித் திருப்பி ஒட்டினால் ஒரே முடிச்சு நான்கு இடத்தில் தெரிந்து காட்டிக்கொடுக்கும்.

ஓரம் நன்றாக வந்த பிறகும் கெடுக்க இரண்டு பேர் காத்திருக்கிறார்கள். ஒன்று நிழல். தரையில் கிடக்கும் துணிக்கு மெல்லிய, நெருக்கமான நிழல் விழும். தொங்கும் ஒவ்வொரு நூலும் தனக்கென்று ஒரு நிழல் வைத்திருக்கும். ஆயத்த டிராப் ஷேடோவின் அகலமான நிழல் துணியை அந்தரத்தில் மிதக்கும் அட்டையாக்கிவிடும். மற்றது கோப்பு வடிவம். 1992இன் ஜேபெக் தரத்தில் ஒளிபுகும் தன்மைக்கு இடமே கிடையாது. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டிச் சுருக்குவதால் மெல்லிய நூல்களைச் சுற்றி அழுக்குப் புள்ளிகள் மொய்க்கும். ஜிஃப் கோப்பில் பிக்சல் ஒன்று தெரியும் அல்லது தெரியாது, நடுநிலை இல்லை. நூல் நுனி ரம்பப் பல்லாகும். 1996இல் வரையறுத்த பிஎன்ஜி இந்த வேலைக்குப் பொருந்தும். வெள்ளைப் பின்னணியில் வெட்டிய துணியைக் கறுப்பில் வைக்கும்போது வரும் வெள்ளைக் கோட்டை நீக்க டிஃபிரிஞ்ச் என்ற கட்டளை உதவும். ஃபிரிஞ்ச் என்றால் ஆங்கிலத்தில் குஞ்சம் என்றும் பொருள். குஞ்சத்தைப் பாடுபட்டுச் செய்துவிட்டுக் குஞ்சநீக்கியை அழைக்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை.

முப்பரிமாண மென்பொருள்கள் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளெண்டரில் துணியை விழச்செய்து மடிக்கலாம், ஓரத்தில் முடி முளைக்கும் கருவியால் நூல் விடலாம். அசையும் படத்துக்கு அது வேண்டும், ஒரு பக்க அழைப்பிதழுக்கு யானை கட்டி உழும் வேலை. 2023இல் போட்டோஷாப்புக்குள் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லிடம் கிழிந்த துணியோரம் கேட்டால் முதல் பார்வைக்கு நம்பும்படி கொடுக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் எங்கும் தொடங்காத நூல்கள், இன்னொன்றில் கரைந்து போகும் நூல்கள் கிடைக்கும். ஆயிரம் துணிகளின் தோற்றத்தைப் பார்த்திருக்கிறது, ஒன்றையும் உருவிப் பார்த்ததில்லை.

எல்லாத் துணியும் பிசிறு விடாது என்பதையும் மறக்கக் கூடாது. திருப்பூர்ப் பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், குஞ்சம் விடாது. அது பின்னல் துணி, பாவும் ஊடையும் அதில் இல்லை. கம்பளி நாரை அழுத்திச் செய்த ஃபெல்ட்டின் ஓரம் வெட்டியபடியே நிற்கும். காஞ்சிபுரம் பட்டின் முந்தானையில் கட்டிய குச்சு, பிரிந்த பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து முடிவது. முந்தானையில் சரி, சேலையின் நீளக் கரையில் அதற்கு வேலையில்லை. பட்டுச் சேலை போன்ற படத்துக்கு நான்கு பக்கமும் குச்சு தொங்கவிட்ட ஓர் அழைப்பிதழ் என் மேசையில் கிடக்கிறது. யார் செய்தது என்று சொல்ல மாட்டேன்.

ஆல்பமும் அழைப்பிதழும் வடிவமைக்கும் நண்பர்களிடம் கேட்பது அதிகமில்லை. ஃபில்டரைத் திறப்பதற்கு முன் ஒரு பழைய துண்டை எடுத்து நான்கு பக்கமும் பத்துப் பத்து நூலை உருவி மேசைமேல் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் மூலையை மட்டுமாவது காலியாக விடுங்கள்.